பேய்க்கப்பல் கேட்பது என்ன? ஒல்லாந்தர் கடிதங்களும் ஒரு பகடை விளையாட்டும்

பேய்க்கப்பல் கதைகளுள் உலகறிந்தது 'பறக்கும் டச்சுக்காரன்'. நன்னம்பிக்கை முனையைக் கடக்க முடியாமல் ஊழிக்காலம் வரை அலைந்து திரியும்படி சபிக்கப்பட்ட கப்பல் அது. அக்கதையின் தொடக்க கால அச்சு வடிவங்களுள் ஒன்றில், அக்கப்பலின் மாலுமிகள் எதிர்ப்படும் கப்பலிடம் பொன்னைக் கேட்பதில்லை, உயிரையும் கேட்பதில்லை. ஒரு கட்டுக் கடிதங்களை நீட்டி, இவற்றை எங்கள் ஊரில் சேர்த்துவிடுங்கள் என்று மன்றாடுகிறார்கள். பேயின் கோரிக்கை அஞ்சல் பற்றியது என்பது எனக்கு நெடுநாளாக வியப்பளித்த செய்தி. அந்த வியப்பு, வரலாற்றுக்கும் மொழியியலுக்கும் மேசை விளையாட்டுக்கும் இடையே எங்கெல்லாம் இட்டுச் சென்றது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மேசைமேல் ஆடப்படும் பாத்திர விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நால்வரோ ஐவரோ கூடி அமர்வர். ஒருவர் கதையை நடத்துபவர்; மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்பர். நடத்துபவர் ஒரு சூழலை விவரிப்பார்: 'மூடுபனிக்குள் ஒரு கப்பல் தெரிகிறது, தளத்தில் விளக்கில்லை.' என்ன செய்வது என்று மற்றவர்கள் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த விளையாட்டு. இன்று இந்தியப் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் விடுதியிலும் ஐவர் உண்டு. அந்த ஐவருக்காக ஒரு பேய்க்கப்பல் கதையை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான் மேற்சொன்ன கடிதக்கட்டு நினைவுக்கு வந்தது.

பேய்க்கப்பலுக்கும் பகடைக்கும் உள்ள உறவு இந்த விளையாட்டுக்கு முற்பட்டது. 1798இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் 'பண்டை மாலுமி' கதைப்பாடலில், காற்றில்லாக் கடலில் ஓர் எலும்புக்கூட்டுக் கப்பல் வருகிறது. அதில் இருவர்: ஒருவர் சாவு, மற்றவர் சாவினும் கொடிய உயிர்ப்பு. மாலுமிகளின் உயிரைப் பணயமாக வைத்து இருவரும் பகடை ஆடுகிறார்கள். கூட்டாளிகள் எல்லோரும் சாவின் பங்காகின்றனர். முதுமாலுமி மட்டும் உயிர்ப்பின் பங்காகி, தன் கதையைச் சொல்லித் திரியும்படி விதிக்கப்படுகிறான். கப்பல், சாவு, பகடை, கதைசொல்லி என்று நம் மேசைக்கு வேண்டிய நான்கும் அங்கேயே கூடிவிட்டன.

இனி டச்சுக்காரனின் கதைக்கு வருவோம். அச்சில் அதன் தடயம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கிறது. 1790இல் வெளிவந்த ஜான் மெக்டொனால்டின் பயண நூலும், 1795இல் ஜார்ஜ் பேரிங்டன் பெயரில் வெளிவந்த பயண நூலும் மாலுமிகளிடையே வழங்கிய இப்பேச்சைக் குறிப்பிடுகின்றன. 1821 மே மாதம் எடின்பரோவின் 'பிளாக்வுட்ஸ்' இதழில் வெளியான ஒரு சிறுகதை, கப்பல் தலைவனுக்கு வாண்டர்டெக்கன் என்ற பெயரையும் கதைக்கு இன்று நாம் அறியும் உருவத்தையும் தந்தது. அதன் பின்னரே மேரியட்டின் 1839ஆம் ஆண்டு நாவலும், 1843இல் டிரெஸ்டன் நகரில் அரங்கேறிய வாக்னரின் இசைநாடகமும் வந்தன. வாக்னரின் கையில் கதை காதலும் மீட்சியுமாக மாறிற்று. கடிதங்கள் பின்தள்ளப்பட்டன.

1821ஆம் ஆண்டுக் கதையில் நிகழ்வது இது. புயலுக்கிடையே தோன்றும் கப்பலிலிருந்து ஒரு படகு வருகிறது. வந்தவன் கடிதங்களைக் கொண்டுசெல்லக் கேட்கிறான். ஆம்ஸ்டர்டாமில் இன்னார், இன்ன தெரு என்கிறான். அவர்கள் இறந்து பல ஆண்டுகள் ஆயின என்று கப்பலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். அவன் நம்ப மறுக்கிறான். கடிதத்தைத் தொட்டால் தம் கப்பலுக்குக் கேடு வரும் என்று எவரும் கைநீட்டவில்லை. அவன் கடிதங்களைத் தளத்தில் வைத்து, பறக்காதபடி இரும்பைப் பாரமாக ஏற்றிவிட்டுப் போகிறான். கப்பல் ஒரு முறை குலுங்க, இரும்பு விலக, கடிதங்கள் காற்றில் பறந்து கடலில் போகின்றன. எல்லோரும் ஆறுதல் மூச்சு விடுகிறார்கள். கதையின் கொடுமை பேய் வந்ததில் இல்லை. அந்த ஆறுதல் மூச்சில்தான் இருக்கிறது.

இக்கப்பல் ஏன் ஒல்லாந்தருடையதாக இருக்க வேண்டும்? 1602இல் தொடங்கி 1799இல் முடிவுற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் ஆயுட்காலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. திரும்பி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரைச் சற்றே மிஞ்சுவர். எஞ்சியோர் அனைவரும் கடலில் மாண்டவர்கள் அல்லர். சிலர் கிழக்கிலேயே தங்கிவிட்டார்கள். பலர் பத்தாவியாவின் காய்ச்சலுக்கு இரையானார்கள். ஆனால் கரையில் காத்திருந்த தாய்க்கும் மனைவிக்கும் இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. கப்பல் போயிற்று, ஆள் வரவில்லை. மூன்று பேரில் இருவர் திரும்பாத ஒரு தொழிலைச் சுற்றி, ஒருபோதும் திரும்பாத கப்பலின் கதை எழுந்ததில் வியப்பில்லை. பெர்னார்ட் ஃபொக்கே என்ற கம்பெனிக் கப்பல் தலைவன் ஜாவாவுக்கு வியக்கத்தக்க விரைவில் போய்ச் சேர்ந்ததால், அவன் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டான் என்ற பேச்சும் இக்கதையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

நம் கரைக்கும் இக்கப்பல்கள் வந்தன. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. சோழமண்டலக் கரையின் துணிகளே தென்கிழக்காசியாவில் அவர்கள் நறுமணப் பொருள் வாங்கும் நாணயமாக விளங்கின. இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' அவர்கள் விட்டுச் சென்ற சொல். துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் படையெடுப்பும் நேர்ந்த ஆண்டுகளில், குறிப்பாக 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி சீரழிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். இவர்களைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

கதையின் கடிதங்கள் கடலில் போயின. வரலாற்றின் கடிதங்கள் போகவில்லை. இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் போர்கள் நடந்தபோதெல்லாம், ஒருவர் கப்பலை மற்றவர் பிடிப்பது வழக்கம். பிடிபட்ட கப்பல் சட்டப்படியான கொள்ளைதானா என்பதை லண்டனில் கடற்படை உயர் நீதிமன்றம் தீர்மானிக்கும். அதற்குச் சான்றாகக் கப்பலிலிருந்த தாள்கள் அனைத்தும் கைப்பற்றப்படும். கணக்கு, சரக்குப்பட்டியல் ஆகியவற்றோடு அஞ்சல் மூட்டைகளும் நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு முடிந்தது, மூட்டைகளை எவரும் உரியவர்களுக்கு அனுப்பவில்லை. லண்டனருகே கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று ஏறத்தாழ 38,000 டச்சுக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, முத்திரை உடையாமலே நூற்றாண்டுகளைக் கடந்தவை.

பேய்க்கப்பல் நீட்டிய கட்டு இதுவேதான். கணவனுக்கு மனைவி எழுதியது, தாய்க்கு மகன் எழுதியது, பெறுநர் இறந்து நூற்றாண்டுகள் ஆகியும் சேராமல் கிடப்பது.

மொழியியலாளர்களுக்கு இக்கட்டு புதையலாயிற்று. மொழி வரலாறு பெரும்பாலும் அச்சேறிய நூல்களை, அதாவது கற்ற ஆண்களின் எழுத்தை வைத்து எழுதப்பட்டது. மாலுமியும் மாலுமியின் மனைவியும் எப்படி எழுதினார்கள் என்பதற்குச் சான்று அரிது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் மரைக்க வான் டெர் வால் தலைமையில் நடந்த 'கொள்ளைப்பொருளாகக் கடிதங்கள்' என்ற ஆய்வுத் திட்டம், 1660கள், 1670களையும் 1770கள், 1780களையும் சேர்ந்த கடிதங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. அதன் முடிவுகளுள் மூன்று என் விளையாட்டு வடிவமைப்பை நேரடியாகப் பாதித்தன.

முதலாவது, எழுதிய கையும் பேசிய வாயும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தார். ஒரே கையெழுத்தில் வெவ்வேறு பெயர்களில் கடிதங்கள் வந்தால், இடையில் ஓர் எழுத்தாள் இருந்தார் என்று ஆய்வாளர் ஊகிக்கிறார்.

இரண்டாவது, எழுத்துப்பிழை ஊரைக் காட்டும். ஸேலாந்துப் பகுதியினரின் பேச்சில் சொல்முதல் ஹகர ஒலி இல்லை. எனவே அவர்கள் எழுதுகையில் அது வர வேண்டிய இடத்தில் விட்டார்கள். வர வேண்டாத இடத்தில் மிகைத்திருத்தமாகச் சேர்த்தார்கள். பிழை என்று ஆசிரியர் சுழிப்பது வரலாற்றாய்வாளருக்கு முகவரியாகிறது.

மூன்றாவது, எழுதிப் பழகாதவர்கள் வாய்பாட்டுத் தொடர்களை மிகுதியாகப் பற்றிக்கொண்டார்கள். நான் நலமாக இருக்கிறேன், நீங்களும் அவ்வாறிருக்க வேண்டுகிறேன் என்னும் பொருள்படும் தொடக்கம் கடிதத்துக்குக் கடிதம் திரும்ப வருகிறது. நம் அஞ்சலட்டைகளின் 'நலம், நலமறிய ஆவல்' செய்ததும் இதே பணிதான். வெற்றுச் சடங்காகத் தோன்றும் இத்தொடர், எழுதத் தயங்கும் கையைத் தாளில் முதல் அடி எடுத்துவைக்கச் செய்யும் கைத்தடி.

விளையாட்டு வரலாறு இக்கடிதங்களை எப்படி நடத்தியிருக்கிறது? 1974ஆம் ஆண்டு விதிகளில், மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசும் அனுபவப் புள்ளியாக மாறும். அதாவது கொள்ளையே கல்வி. 1981இல் டேவ் பிரவுனும் டான் டர்ன்புல்லும் எழுதிய 'சால்ட்மார்ஷின் கொடிய மறைபொருள்' என்ற கதைத்தொகுப்பு இதில் ஒரு திருப்பம் செய்தது. பேய் வீடு என்று ஊர் அஞ்சும் வீடு உண்மையில் கடத்தல்காரரின் மறைவிடம். அவர்களது கப்பலின் பெயரோ 'கடற்பேய்'. அச்சத்தின் பின்னால் ஒரு வணிகம் ஒளிந்திருக்கும் என்று அது கற்பித்தது. 2005இல் 'டன்ஜன்' இதழில் மைக் மெர்ல்ஸ் எழுதி, 2019இல் 'சால்ட்மார்ஷின் பேய்கள்' நூலில் மறுபதிப்புக் கண்ட 'மீட்புப் பணி'யில், ஆளற்று மிதக்கும் கப்பலிலிருந்து ஆட்டக்காரர்கள் கொண்டுவர வேண்டியது ஒரு பேழை. அதனுள்ளும் தாள்களே, ஆனால் அவை கப்பல் முதலாளியின் சொத்துப் பத்திரங்கள். மாலுமிகளின் தாள்களை எவரும் கேட்கவில்லை.

பொருளை மட்டும் மீட்பது கடல் வணிகச் சட்டத்தின் பழைய இயல்பு. ஆளற்ற கப்பலைக் கரைசேர்ப்பவருக்கு அதன் மதிப்பில் ஒரு பங்கு ஊதியமாகக் கிடைக்கும். 1872 டிசம்பர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடைப்பட்ட கடலில் 'டெய் கிராசியா' கப்பல் கண்டெடுத்த 'மேரி செலஸ்ட்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்கு 1,701 பீப்பாய்ச் சாராயத்தோடு புறப்பட்ட அக்கப்பலில் தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோபியா, மாலுமிகள் எழுவர் என்று பத்துப் பேர் இருந்தார்கள். எவரும் கிடைக்கவில்லை. ஜிப்ரால்டர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் கொலை என்று ஐயுற்றார், சான்று அகப்படவில்லை. மீட்டவர்களுக்குக் கிடைத்தது 1,700 பவுண்டு.

1884இல் இளம் கானன் டாயில் இந்நிகழ்வை வைத்துப் பெயர் குறிப்பிடாமல் ஒரு கதை எழுதினார். அதில் கப்பலின் பெயர் 'மேரி'யிலிருந்து 'மாரி'யாகத் திரிந்தது. படகுகள் தத்தம் இடத்திலேயே இருந்தன. வெள்ளையர் மீது வஞ்சம் கொண்ட ஒரு கலப்பினத்தவன் கொலைகாரனானான். பின்வந்த எழுத்தாளர்கள் ஆறாத தேநீர்க் கோப்பையையும் சேர்த்தார்கள். கண்டெடுத்தவர்களின் சாட்சியமோ வேறு. படகு இல்லை. காலமானி, கோணமானி, கப்பலின் தாள்கள் ஆகியவையும் இல்லை. கப்பலின் குறிப்புப் பலகையில் கடைசிப் பதிவு நவம்பர் 25. அதாவது, அவர்கள் மறையவில்லை. வழிகாட்டும் கருவிகளை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினார்கள். சாராய ஆவி வெடிக்கும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. டாயிலின் கதை படகைத் திருப்பி மாட்டியவுடன், பத்து மனிதர்கள் எடுத்த அறிவார்ந்த முடிவு அழிந்து, விடையற்ற புதிராக அவர்கள் எஞ்சினார்கள். ஊரில் பாட்டியிடம் விடப்பட்டிருந்த ஏழு வயது மகன் ஆர்தருக்கு அது புதிர் அன்று.

எனவே பேய்க்கப்பலை வடிவமைப்பவருக்கு இரண்டு கடமைகள் இருப்பதாகக் கருதுகிறேன். முதற்கடமை, கப்பலில் இல்லாத பொருள்களை முதலில் தீர்மானிப்பது. எது காணவில்லை என்பதே இறந்தவர் கடைசியாக என்ன நினைத்தார் என்பதன் சான்று. இரண்டாம் கடமை, இறந்தவருக்கு ஒரு கோரிக்கையைத் தருவது. கோரிக்கையற்ற பேய் வெறும் தடை. பகடை உருட்டி வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகலாம். கோரிக்கையுள்ள பேயிடம் பேசியாக வேண்டும்.

இதன்படி நான் அமைத்த கப்பலில் பொன் உண்டு. அதற்குப் புள்ளி இல்லை. சேர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு கடிதத்துக்கும் புள்ளி உண்டு. கடிதங்கள் முத்திரையிடப்பட்டவை. முத்திரையை உடைத்தால் கப்பலுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். ஆனால் எழுதியவரின் ஆவி அதை அறியும், அவருடைய நம்பிக்கை குறையும். உடைக்காவிட்டால் நம்பிக்கை நிலைக்கும், துப்புக் குறையும். முகவரிகள் கடல்நீரில் அழிந்திருப்பதால், எழுத்துப்பிழையிலிருந்தே ஊரைக் கண்டறிய வேண்டும். ஆட்டத்தைத் தமிழில் நடத்துவதால் ஸேலாந்தின் ஹகரத்துக்கு மாற்றாக நம் ழகரத்தைப் பயன்படுத்தினேன். ஒரு கடிதத்தில் 'மளை', 'வாளைப்பளம்' என்று வருகிறது; மற்றொன்றில் 'வாயப்பயம்' என்று வருகிறது. முதல் கடிதம் தென்பாங்கான பேச்சுள்ள ஊருக்கும், இரண்டாவது வடபாங்கான பேச்சுள்ள ஊருக்கும் போக வேண்டும். இன்னொன்றில் 'பள்ளிக்கூடம்' என்பது 'பழ்ழிக்கூடம்' என்று வருகிறது. ழகரம் நாவில் வராதவர் அதை எங்கும் தூவி எழுதும் மிகைத்திருத்தம் அது. வேற்றூரார் முன்னிலையில் எழுதக் கூசியவரின் கை என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு கடிதங்களில் ஒன்பது ஒரே கையெழுத்து என்பதையும் அவர்களே கண்டார்கள். எழுதிக் கொடுத்தவர் கப்பலின் தச்சர். அவர் தமக்கென ஒரு கடிதமும் எழுதிக்கொள்ளவில்லை.

பெறுநர்கள் உயிரோடு இல்லை என்பது ஊர்களுக்குப் போன பிறகே தெரியவரும். கடிதத்தை யாரிடம் தருவது என்பதற்கு நான் விதி வகுக்கவில்லை. பேரனிடமா, கல்லறையிலா, அந்த வீட்டில் இன்று குடியிருக்கும் அயலாரிடமா? ஒவ்வொன்றுக்கும் மேசையில் வாதம் நடக்கும். அந்த வாதமே ஆட்டம்.

எஞ்சியிருப்பது கப்பலின் அடித்தளம். கியூவில் 38,000 கடிதங்கள் இருக்கின்றன என்று எழுதும்போது, எழுத வாய்ப்பிருந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் எழுதுகிறோம். நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றப்பட்டவர்கள் கம்பெனிக் கணக்கில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதிக் கொடுக்கக் கப்பலில் ஆள் இல்லை. எழுதியிருந்தாலும் கொண்டுசெல்லும் திசையில் அஞ்சல் இல்லை. பேய்க்கப்பல் மரபு மாலுமியின் துயரைப் பாடியது. அடித்தளத்தின் துயரைப் பாடவில்லை. ஆகவே என் கப்பலிலும் கீழே இறங்குபவர்களுக்கு அங்கே கடிதம் எதுவும் கிடைக்காது. காத்திருப்போர் மட்டும் இருப்பார்கள்.

அவர்களை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஐவரில் ஒருவர், தம் கதைமாந்தருக்கு எழுதத் தெரியும் என்பதைக் குறிப்பேட்டில் சரிபார்த்துவிட்டு, மேசையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்தார். 'உங்கள் பெயர் என்ன? யாருக்கு எழுத வேண்டும்?' என்று கேட்டார். அன்று அதற்கு மேல் பகடை உருளவில்லை. ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினார்கள். எல்லாக் கடிதங்களும் நலமறிய ஆவலோடுதான் தொடங்கின.

இக்கதையை உங்கள் குழுவில் நடத்த விரும்புவோர் கேட்டால் குறிப்புகளைத் தருகிறேன். கடிதங்களை மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் ஊர்ப் பிழைகளோடு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.